ஜன்னலோரக் கட்டில்

பாலத்தில் ஏறும்போது பயமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம், இறங்கும்போதுகூட வரவில்லை, பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு முட்டுகிற மாதிரி வந்தபோது மட்டும் ஒரு நொடி பிரேக்கைத் தொட்டேன், ஆனாலும் நான் ஒதுங்கவில்லை, எதற்கு ஒதுங்க வேண்டும், என் ஓரத்தில்தானே நான் போகிறேன், நர்ஸ் பொன்செல்வி நாற்பதைத் தாண்டிய பிறகு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள், தனியாக, பின்னால் யாரும் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு பிரேக் பிரேக் என்று கத்தாமல். லீவு போட்ட இரண்டு நாளும் மைதானத்தில் வீட்டுக்காரர் என் பின்னால் ஓடி ஓடியே இளைத்துப்போனார், பாவம், தவமணி என்று பெயர் வைத்த நேரம், தவம்தான் செய்கிறார், இன்று காலை கேட் பக்கத்தில் நின்றுகொண்டு போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு என்றார், போடவில்லை, போட வேண்டும், இந்த ரவுண்டு முடிந்ததும் போட வேண்டும். மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு பெண்கள் வார்டுக்குள் வருகிறேன், டிராலிகூட இன்று லேசாகத்தான் இருக்கிறது, வலது கை தானாகவே ஆக்சிலரேட்டரைத் திருகுகிற மாதிரி கைப்பிடியைத் திருகுகிறது, சிரிப்பு வருகிறது, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் நீளமாக விழுந்து கிடக்கிறது. ஸ்பிரிட் வாசனைக்கு நடுவே யாரோ இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார்கள், சாம்பார் மணக்கிறது, காலையில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது வயிற்றுக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது, ஸ்கூட்டர் சந்தோஷத்தில் இட்லியை மறந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதல் கட்டிலில் காய்ச்சல்காரப் பெண் தூங்குகிறாள், கல்லூரிப் பெண், போர்வைக்குள் கையை எங்கே வைத்திருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும், அந்தக் கையைத் தேடி எடுத்து, மணிக்கட்டில் கட்டியிருக்கிற பட்டையைத் திருப்பி, அதிலிருக்கிற கோடுகள் மேல் ஸ்கேனரைக் காட்ட வேண்டும், சிவப்பு வெளிச்சம் விழும், பிறகு மாத்திரை அட்டையின் கோடுகள் மேல் காட்ட வேண்டும், இரண்டும் பொருந்தினால் டீக் என்று ஒரு சத்தம், திரையில் பச்சை, பொருந்தாவிட்டால் எருமை கத்துகிற மாதிரி ஒரு கத்து. பொங்கலுக்கு முன்னால் வந்த மிஷின். அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் டை கட்டிக்கொண்டு வந்து, சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு என்று விரல் மடக்கி மடக்கிச் சொன்னார், அதைத்தான் நாங்கள் படிக்கிற காலத்திலிருந்து தூக்கத்தில்கூடச் சொல்கிறோம் ஐயா என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதது என்னவென்றால், நோயாளிகள் குளிப்பார்கள், பட்டை நனையும், கோடு கரையும், கைகழுவி கைகழுவிச் சுருங்கிப்போன பட்டையை மிஷின் படிக்காது, பாத்ரூம் பக்கத்துக் கட்டில்களில் சிக்னல் கிடைக்காது, அங்கே நின்றுகொண்டு மிஷினை மேலே தூக்கிக் கீழே இறக்கி ஆரத்தி காட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குள் டாக்டர் ரவுண்டுக்கு வந்துவிடுவார், இன்னும் மருந்து கொடுக்கலியா சிஸ்டர் என்பார். அதனால் அட்டை. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, நல்ல யோசனைகள் எல்லாம் அப்படித்தான், ரத்தம் எடுக்கிற சோதனைக் குழாய்களில் ஒட்டுவதற்கு ஒவ்வொருவர் பெயரிலும் ஸ்டிக்கர் அச்சடிப்பார்களே, அதில் மீந்ததை வரிசையாக ஓர் அட்டையில் கட்டில் எண் போட்டு ஒட்டி டிராலியின் பக்கவாட்டில் மாட்டிவைத்திருக்கிறோம், கையைத் தேட வேண்டாம், எழுப்ப வேண்டாம், அட்டையில் ஒரு டீக், மருந்தில் ஒரு டீக், வேலை முடிந்தது. மிஷினுக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. மேட்ரனுக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார்.

இரண்டாம் கட்டிலுக்கு அட்டையில் டீக், மூன்றுக்கு டீக். மூன்றாம் கட்டில் அம்மாள் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் பேசுகிறார், விழுங்குங்கம்மா முதல்ல. எங்கே விட்டேன், ஆமாம், முருகன்குறிச்சி சிக்னல், அங்கே நின்றபோது பக்கத்தில் ஒரு ஸ்கூல் ஆட்டோ, உள்ளேயிருந்த பிள்ளைகள் என் ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஹெல்மெட்டுக்குள் சிரித்தால் வெளியே தெரியுமா. சிக்னல் விழுந்ததும் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது, எல்லாம் இவ்வளவு சுலபமா, இத்தனை வருஷம் இதற்கா பயந்தோம், அந்த நினைப்பு இன்னும் உடம்பு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது, எதைத் தொட்டாலும் சுலபமாக நடக்கிறது, நான்காம் கட்டிலில் ஊசி போட்டதே தெரியவில்லை என்கிறாள் அந்தப் பெண். டீக். இந்த மாதிரி நாட்களில் அந்தக் கனவு வராது. கனவு எல்லா நர்ஸுக்கும் வரும், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ள மாட்டோம், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில் தெரிந்தது எல்லோருக்கும் வருகிறதென்று, யாருக்கோ மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டோம், யாருக்கு என்று தெரியவில்லை, வார்டு முழுக்கக் கட்டில் கட்டிலாக ஓடுகிறோம், ஒவ்வொரு போர்வையாக விலக்குகிறோம், எல்லோரும் நல்லா இருக்கேன் சிஸ்டர் என்கிறார்கள், விழித்துக்கொண்டால் தலையணை நனைந்திருக்கும். ஏன் இப்போது அது ஞாபகம் வர வேண்டும், வெயில் அடிக்கிறது, இட்லி மணக்கிறது, வேண்டாம், சாயங்காலம் திரும்பும்போது பாலத்தில் காற்று எதிர்க்காற்றாக இருக்குமா, அதை யோசிப்போம்.

ஏழாம் கட்டில். ஜன்னலோரம். ஆவுடைத்தாய், சர்க்கரை, காலில் புண், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின். இரவு ட்யூட்டி பார்த்தவள் போகும்போது சொன்னாள், ஏழு சர்க்கரை கொஞ்சம் கூடத்தான் இருக்கு அக்கா, ஊசியை மறந்திராதீங்க, எட்டு ஆப்பரேஷன் கேஸ், பித்தப்பைக் கல், வெறும் வயிறு, ஒண்ணும் கொடுக்காதீங்க. இரண்டு பேரும் நான் லீவில் இருந்தபோது வந்தவர்கள், முகம் தெரியாது. அட்டையில் ஏழு, டீக். இன்சுலின் குப்பியில் டீக். பச்சை. அளவு பார்த்து ஊசியில் எடுக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துக் குமிழியைத் தட்டுகிறேன். கட்டிலில் சம்மணம் போட்ட மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கிற அம்மாளுக்கு ஐம்பது இருக்கும், காலைப் போர்வை மூடியிருக்கிறது, நெற்றியில் பெரிய பொட்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு யார் யார் போகிறார்கள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்கிறது.

"வாங்க சிஸ்டர், ஊசி போடுவாங்கன்னு நேத்தே சொன்னாவ, எப்ப வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

"சாப்பாடு?"

"அதெல்லாம் அப்புறம்லா."

சரிதான், ஊசிக்கு அப்புறம்தான் சாப்பாடு, விவரமான ஆள், சில பேர் முதலில் நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு அப்புறம் ஊசி என்பார்கள். வயிற்றில் போடுவேன்க்கா, சும்மா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் என்கிறேன். "வயித்துலயா? அதுவும் சரிதான், வலி அங்கனதான இருக்கு" என்று சேலைக் கொசுவத்தை விலக்குகிறார். வலியா, வயிற்றிலா, காலில் அல்லவா புண் என்று ஒரு எண்ணம் வருகிறது, கொசு மாதிரி, காதோரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறது, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வயிற்று வலி இருக்கும், வாயு இருக்கும், அதையெல்லாம் இப்போது கேட்டுக்கொண்டிருந்தால் எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் எப்போது முடியும், தவமணிக்கு எப்போது போன் போடுவது, அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே தன் கடைவாசலில் நிற்பார். பஞ்சை எடுத்துத் துடைக்கிறேன், அவர் பேசிக்கொண்டே இருக்கிறார், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பழக்கடை போட்டிருக்கிறாராம், மாம்பழம் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறதாம், மகளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு வந்தாராம், அவள் எடை போடத் தெரியாதவளாம். ஊசியின் மூடியைக் கழற்றுகிறேன். தோலைப் பிடித்துத் தூக்குகிறேன். அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடிக்கிறார்.

"ஏ சிஸ்டர், நில்லுங்க. டீக்கு அடிக்கலியே?"

"அடிச்சாச்சுக்கா."

"எங்க அடிச்சிய? நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன், எங் கையில அடிக்கவே இல்லியே."

"அங்க டிராலியிலயே அடிச்சாச்சுக்கா."

"டிராலிக்கா நோவு? எனக்குல்லா நோவு!"

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரிக்கிறார்கள், எனக்கும் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது, கையில் திறந்த ஊசியை வைத்துக்கொண்டு நிற்கிறேன், இவர் விளையாடுகிறார். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிற கை விளையாடவில்லை, குளிர்ந்து போய் இருக்கிறது, வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. "நேத்து ஒவ்வொரு மருந்துக்கும் அந்தப் பிள்ளை எங் கையில வச்சு அடிச்சா சிஸ்டர், சூப்பர் மார்க்கெட்டுல சோப்புக்கு அடிக்க மாதிரி, எனக்குச் சிரிப்பு தாங்கல, எம் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன், ஏட்டி எனக்கும் பில்லு போட்டுட்டாவடின்னு. அந்தச் சத்தம் கேட்டா ஒரு தைரியமா இருக்கு. அடிச்சிட்டுப் போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." இவர் பயந்திருக்கிறார். இத்தனை பேச்சும் பயம்தான். ஓர் இன்சுலின் ஊசிக்கா இவ்வளவு பயம் என்று நினைக்கிறேன், அந்தக் கொசு மறுபடியும் காதோரம் வருகிறது, சரி, குழந்தைக்கு நிலாக் காட்டுகிற மாதிரி இவருக்கு ஒரு டீக் காட்டிவிட்டால் போகிறது, ஊசிக்கு மூடி போட்டுத் தட்டில் வைக்கிறேன், மிஷினை எடுக்கிறேன், கையை நீட்டுங்கக்கா, அவர் வளையலைத் தள்ளிவிட்டு ராணி மாதிரி கையை நீட்டுகிறார், சிவப்பு வெளிச்சம் பட்டையின் மேல் விழுகிறது, பிறகு இன்சுலின் குப்பியின் மேல்.

எருமை கத்தியது.

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. திரை சிவப்பு. முதலில் மிஷினில்தான் கோளாறு என்று தோன்றுகிறது, அப்படித்தான் தோன்றும், நாம் தப்பாக இருக்க முடியும் என்று யாருக்கு முதலில் தோன்றும், மறுபடியும் காட்டுகிறேன், மறுபடியும் கத்துகிறது, திரையில் எழுத்துகள் தெரிகின்றன, பிரமு, எட்டாம் கட்டில், வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது, இந்த மருந்து இவருக்கு எழுதப்படவில்லை. பிரமு. எட்டு. நான் நிற்பது ஏழு. கட்டில் தலைமாட்டில் ஏழு என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது, பார்க்கிறேன், ஏழுதான், அழிந்து எட்டாகவில்லை, எட்டு எப்படி ஏழில் வந்தது, "அக்கா உங்க பேரு என்ன?" என்று கேட்கிற குரல் என்னுடையதுதான், தூரத்தில் கேட்கிறது. "பிரமு. ஏன் சிஸ்டர், என்ன இது வேற மாதிரி கத்துது, பில்லு கூடப் போயிருச்சா?" "நீங்க எட்டாம் கட்டில்தான?" "ஆமா, விடியக்காலைல மாத்திக்கிட்டோம். இவ்வொ முகத்துல வெயில் அடிக்குன்னு சொன்னாவ, எனக்குத் தெருவப் பாக்கணும் போல இருந்துச்சு, நான் இங்க வந்துட்டேன், அவ்வொ அங்க போயிட்டாவ." அடுத்த கட்டிலிலிருந்து, காலில் கட்டுப் போட்டு நீட்டிப் படுத்திருக்கிற ஒல்லியான அம்மாள் கையை உயர்த்துகிறார், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி. "ஆவுடைத்தாய் நாந்தான் சிஸ்டர். அந்த ஊசி எனக்குள்ளதுல்லா. பசிக்கு, சீக்கிரம் போடுங்க."

மூடி போட்டேன். மூடி போட்டுத்தான் தட்டில் வைத்தேன், ஊசி உள்ளே போகவில்லை, ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை, தட்டில் இருக்கிறது, பார், நிறைந்திருக்கிறது, இருந்தும் அதை மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். போயிருந்தால். சர்க்கரையே இல்லாத உடம்பு, நேற்று இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத வயிறு, கொஞ்ச நேரத்தில் வியர்க்கும், ஆப்பரேஷன் பயம் என்று நினைப்போம், நானே நினைப்பேன், நானே தோளைத் தட்டி ஒண்ணுமில்லக்கா பயப்படாதீங்க என்று சொல்லியிருப்பேன், கை நடுங்கும், பேச்சுக் குழறும், இவ்வளவு பேசுகிறவர் பேச்சு குறைந்தால் யாருக்குத் தெரியும், களைத்துவிட்டார் என்பார்கள், ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவார்கள், மயக்க மருந்து கொடுப்பார்கள், அதற்கப்புறம் தூங்குகிறவருக்கும் மூழ்குகிறவருக்கும் என்ன வித்தியாசம், முகம் ஒரே மாதிரிதானே இருக்கும். யாராவது சர்க்கரை பார்த்திருப்பார்கள், பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். மகள் எடை போடத் தெரியாமல் மாம்பழம் எடை போட்டுக்கொண்டிருப்பாள். என் திரையில் பச்சை இருந்தது, அதுதான் இன்னும் பயங்கரம், எல்லாம் சரி என்று மிஷின் சொன்னது, ஏனென்றால் நான் அதற்கு ஆளைக் காட்டவில்லை, ஓர் அட்டையைக் காட்டினேன், கண்ணைக் கட்டிவிட்டு வழி சரியா என்று கேட்ட மாதிரி. போகவில்லை, ஊசி போகவில்லை. போயிருந்தால். போகவில்லை. நினைப்பு இந்த இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் இடிக்கிறது.

ஊசித் தட்டை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த கட்டிலுக்குப் போகிறேன், ஆவுடைத்தாய் அம்மாளின் பட்டை நனைந்து சுருங்கித்தான் இருக்கிறது, தடவித் தடவி நீவுகிறேன், மிஷின் படிக்கவில்லை, மறுபடி நீவுகிறேன், படிக்கிறது, மருந்தில் காட்டுகிறேன், இரண்டும் பொருந்துகிறது, பெயரையும் கேட்கிறேன், ஊர் என்ன, வயது என்ன, காலில் எப்படிப் புண் வந்தது, எல்லாம் கேட்கிறேன், பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்கல சிஸ்டர் என்கிறார் அவர், பிரமு அக்கா ஜன்னலோரத்திலிருந்து பலமாகச் சிரிக்கிறார். ஊசி போட்டுவிட்டேன். நானே பக்கத்திலிருந்த இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மடியில் வைக்கிறேன். பிறகு திரும்பினால், பிரமு அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்.

"சிஸ்டர், அந்த ஊசிய எனக்குப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

ஒன்றும் ஆகியிருக்காது என்கிற பதில் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. இதமான பதில், ஆப்பரேஷனுக்குப் போகப்போகிறவர், பயந்தவர், ரத்த அழுத்தம் கூடிவிடும், இப்போது உண்மை எதற்கு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அப்புறம் என்பது வரவே வராது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும், பழக்கடை வைத்திருக்கிறவருக்கு அழுகலை மறைத்து அடுக்கினால் தெரியாதா. அவர் கேட்டதால்தான் நின்றது. அவர் கையைப் பிடித்ததால்தான். இவரிடம் பொய் சொல்லிவிட்டு நான் எந்தக் கட்டிலுக்குப் போவேன். கட்டில் விளிம்பில் உட்கார்கிறேன், நர்ஸ்கள் உட்காரக் கூடாது என்பது விதி, உட்கார்ந்துவிட்டேன், சொல்கிறேன், அது சர்க்கரைக்குப் போடுகிற ஊசி அக்கா, உங்களுக்குப் போட்டிருந்தா உங்க சர்க்கரை ரொம்பக் கீழ போயிருக்கும், வெறும் வயித்தோட இருக்கிய, ஆபத்தாகியிருக்கும், உயிருக்கேகூட. நான் உங்க கையில அடிக்காம டிராலியில அடிச்சது என் தப்பு. நீங்க கேக்கலேன்னா போட்டிருப்பேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். தெருவைப் பார்க்கிறார். ஒரு பால்காரன் சைக்கிளில் போகிறான், அவன் போய் முடிகிறவரை பார்க்கிறார். நான் காத்திருக்கிறேன், கத்துவார், கூப்பிடு டாக்டரை என்பார், சொல்லட்டும், நான் எழுந்து நிற்கத் தயாராக இருக்கிறேன்.

"நான் வெளாட்டுக்குல்லா கேட்டேன்" என்கிறார் மெதுவாக. "பயத்துல கேட்டேன்."

"தெரியும்க்கா."

"நானும் சொல்லாமக் கொள்ளாம இங்க வந்து படுத்துக்கிட்டேன்லா." திரும்பிப் பார்க்கிறார், கண் நிறைந்திருக்கிறது, ஆனாலும் அதட்டுகிற குரல்தான், பழம் பேரம் பேசுகிறவர்களை அதட்டுகிற குரலாக இருக்கும். "சரி, அழாத. தியேட்டருக்கு என்னைக் கொண்டு போகும்போது நீ கூட வா. வேற யாரும் வேண்டாம். கேட்டா உள்ளதச் சொல்லுதவ நீதான்." நான் அழுகிறேனா, ஆமாம், அழுகிறேன், எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை, நீங்க, வாங்க எல்லாம் போய்விட்டதும் அப்போதுதான் காதில் விழுகிறது, நீ, வா, எவ்வளவு நன்றாக இருக்கிறது.

ரவுண்டைப் பக்கத்து வார்டிலிருந்து வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு மேட்ரன் அறைக்குப் போகிறேன். செல்லக்கனி மேட்ரன் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வைக்கே பாதி ஆஸ்பத்திரி நடுங்கும். நின்றபடியே சொன்னேன், கட்டில் மாறியது, அட்டை, டீக், எருமை, எல்லாம், நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில். "ஊசி போடல இல்லையா?" "போடல மேடம்." "உக்காரு. காலைல சாப்பிட்டியா?" இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்றேன். டப்பாவிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார், சாப்பிட்டால்தான் மேலே பேசுவேன் என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார், வறண்ட வாயில் பிஸ்கட் மணல் மாதிரி இருந்தது. "அட்டை எல்லா வார்டுலயும் இருக்கா?" தலையாட்டினேன், யார் யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவரும் கேட்கவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். நனைகிற பட்டையைச் சொன்னேன், பாத்ரூம் பக்கத்தில் சிக்னல் போவதைச் சொன்னேன், தூங்குகிறவர்களின் கையைத் தேடுவதை, ஆரத்தி காட்டுவதை, ரவுண்டு நேரம் போதாததை. "இத ஏன் முன்னாடியே யாரும் என்கிட்ட சொல்லல?" "பயம் மேடம்." "மிஷின் மேலயா?" "உங்க மேல." சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் வேறு ஆள் மாதிரி இருக்கிறார், சிரிப்பை அடக்குகிற ஆள் மாதிரி. போனை எடுத்துக் கம்ப்யூட்டர் செக்‌ஷனைக் கூப்பிட்டார். "அந்த டை கட்டினவர நாளைக்குக் காலைல வார்டுக்கு வரச் சொல்லுங்க. பொன்செல்விகூட ரவுண்டு முழுக்க நடக்கட்டும். பாத்ரூம் பக்கத்துல நின்னு அவரே அடிச்சுப் பாக்கட்டும். நனையாத பட்டை வேணும், அதையும் கொண்டு வரச் சொல்லுங்க." போனை வைத்துவிட்டு, "எல்லா டிராலியும் என் ரூமுக்கு வரணும், அட்டைய நானே கிழிக்கிறேன்" என்றார். "ஒன்னோடத நீயே கிழி."

கிழிப்பது அவ்வளவு சுலபமில்லை, அட்டையை டிராலியோடு சேர்த்து அகல டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம், நல்ல வேலைக்காரிகள், நகம் உடைந்தது, பிய்த்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு முதல் கட்டிலிலிருந்து மறுபடியும் போகிறேன், கொடுத்த மருந்தெல்லாம் கொடுக்க வேண்டியவர்களுக்குத்தான் போயிருக்கிறதா என்று ஒவ்வொரு கையாகத் தேடுகிறேன். காய்ச்சல்காரப் பெண் விழித்துக்கொண்டு, என்ன சிஸ்டர் என்கிறாள், ஒண்ணுமில்ல, நீ நீதானான்னு பாக்கேன் என்றேன், டீக், அவள் அவள்தான். மூன்றாம் கட்டில் அம்மாள் தண்ணீரை இப்போதுதான் குடிக்கிறார். டீக். எல்லோரும் அவரவர்தான். எனக்குப் பாட வேண்டும் போல இருக்கிறது, வார்டில் பாடக் கூடாது. டாக்டர் வந்து, என்ன சிஸ்டர் இன்னும் முடியலையா என்கிறார், முடியல சார், இன்னைக்கு லேட்டாத்தான் ஆகும் என்கிறேன், என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது, அவர் சரி என்று போய்விடுகிறார், இவ்வளவுதானா, சொன்னால் சரி என்றுவிட்டா போவார்கள், இத்தனை நாளும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தோமே.

ஸ்ட்ரெச்சர் வருகிறது. பிரமு அக்காவுக்குப் பச்சை அங்கி மாட்டி, பொட்டைத் துடைத்து, வளையலைக் கழற்றி மகளிடம் கொடுத்தாகிவிட்டது, மகள் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறாள், கையில் இன்னும் மாம்பழ வாசனை. ஆவுடைத்தாய் அம்மாள், "நல்லபடியாப் போயிட்டு வாங்க, கட்டில யாருக்கும் குடுக்காமப் பாத்துக்கிடுதேன்" என்கிறார். தள்ளுகிறவர் தள்ள, நான் பக்கத்தில் நடக்கிறேன், அக்கா என் கையை விடவில்லை, அந்தக் கை இப்போதும் குளிர்ந்துதான் இருக்கிறது, பேச்சு மட்டும் நிற்கவில்லை, கூரை விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார், ஒரு விளக்கு எரியவில்லை என்று குறை சொல்கிறார், கல்லை எடுத்ததும் தன் கையில் தர வேண்டும், எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். பயமா இருக்காக்கா என்று கேட்கிறேன். "பயமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகுது." தியேட்டர் வாசலில் இரட்டைக் கதவு. முகமூடி போட்ட ஒரு பெண் வெளியே வந்து, குனிந்து, உங்க பேரு என்னம்மா என்று கேட்க வாயெடுக்கும் முன்பே பிரமு அக்கா தலையைத் தூக்கிக்கொண்டு, கடைத்தெருவில் விலை சொல்கிற குரலில், அந்த நடை முழுக்க எதிரொலிக்கச் சொல்கிறார்: "பேரு பிரமு. வயித்துல கல்லு. சர்க்கரை கிடையாது. கட்டில் மாறிப் படுத்திருந்தேன், இப்ப சரியா வந்துட்டேன். நீங்க யாரு, உங்க பேரச் சொல்லுங்க முதல்ல!" முகமூடிக்கு மேலே அந்தப் பெண்ணின் கண்கள் விரிகின்றன. சொல்கிறாள், தன் பெயரை, ஒரு மாணவி மாதிரி. "சரி, அப்பம் உள்ள போவலாம்" என்று அனுமதி கொடுத்துவிட்டு அக்கா என் கையை விட்டார், கதவுகள் மூடிக்கொண்டன, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறேன், உள்ளேயிருந்து இன்னும் அவர் குரல்தான் கேட்கிறது, அடுத்தவரிடம் பெயர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.